மகன் அமெரிக்க ராணுவத்தில், இருப்பது ஜெர்மனியில்: போய்ப் பார்ப்பது எப்படி?

#1 பொருநைக்கரை (பாளையங்கோட்டை)

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்கா போகிற பெற்றோருக்கு இங்கே ஏகப்பட்ட இழைகள் இருக்கின்றன. எங்கள் சங்கதி கொஞ்சம் வேறு மாதிரி என்பதால் புதிதாகத் தொடங்குகிறேன்.

மகன் மேல்படிப்புக்கு அமெரிக்கா போனவன். படிப்பு முடிந்த கையோடு அங்கே ராணுவத்தில் சேர்ந்துவிட்டான். அப்போது மாவ்னி என்று ஒரு திட்டம் இருந்தது. கிரீன் கார்டு இல்லாதவர்களையும் மருத்துவப் படிப்புக்காகவோ மொழி தெரியும் என்பதற்காகவோ எடுத்துக்கொண்டு, குடியுரிமையும் கொடுத்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது. பத்தாம் வகுப்பில் தமிழுக்கு டியூஷன் வைத்த பிள்ளை அவன்! 2016இல் அந்தத் திட்டத்தில் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இவன் அதற்கு முன்பே உள்ளே போய்விட்டான்.

இப்போது ஜெர்மனியில் கைசர்ஸ்லாட்டர்ன் பக்கம் போட்டிருக்கிறார்கள். (இங்கே எழுதியிருந்த ஒரு வரி நீக்கப்பட்டது.) மருமகளுக்கு மாசியில் பிரசவம். நானும் வீட்டுக்காரரும் போகலாம் என்று இருக்கிறோம். இருவருக்கும் இந்திய பாஸ்போர்ட்தான், அமெரிக்க விசா கையில் இருக்கிறது. அமெரிக்க முகாமுக்குத்தானே போகிறோம், அந்த விசா போதுமா? ராணுவத்தில் அனுமதி வாங்க வேண்டுமா? பையனிடம் கேட்டால், "பார்த்துக்கலாம்மா" என்கிறான். அவன் அப்படித்தான்.

#2 மட்டுறுத்துநர்

பொருநைக்கரை அம்மா, உங்கள் பதிவிலிருந்து மகனின் படைப்பிரிவு பெயரையும் அவர் வெளியூர்ப் பயிற்சிக்குப் போகும் தேதியையும் எடுத்துவிட்டேன். ராணுவத்தில் பிள்ளைகள் இருப்பவர்கள் பிரிவு, தேதி, வீட்டு முகவரி மூன்றையும் பொதுவெளியில் சேர்த்து எழுத வேண்டாம். ஊர் பெயர் மட்டும் போதும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

#3 வேலூர் சுபேதார்

நான் இந்திய ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். ஐ.நா. அமைதிப்படையில் தெற்கு லெபனானிலும் இருந்திருக்கிறேன். 1998இல் நம் பட்டாலியன் அங்கே போனது. குடும்பம் வந்து பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. எங்கள் வீட்டில் யாரும் கேட்டதும் இல்லை. லீவில் ஊருக்கு வந்தால் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன் தங்கச்சி, டூட்டியில் இருக்கிற இடத்துக்குப் போய் நின்றால் பையனுக்குத்தான் சங்கடம். லீவு போட்டு ஊருக்கு வரச் சொல்லுங்கள். பேரப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வரட்டும். கோவில் கொடை நேரத்தில் வந்தால் இன்னும் நல்லது.

#4 பொருநைக்கரை

சுபேதார் அண்ணாச்சி, நீங்கள் சொல்வது எனக்கும் ஆசைதான். இரண்டு விஷயம் இடிக்கிறது.

ஒன்று, லீவு. நம் ஊரில் ஜவான்களுக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், அதற்கு மேல் கேஷுவல் லீவு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவனுக்கு மாதத்துக்கு இரண்டரை நாள், வருஷத்துக்கு 30. நடுவில் வரும் சனி, ஞாயிறும் அந்த 30இல்தான் கழியுமாம். ஊருக்கு ஒரு தடவை வந்து போனால் வருஷம் முடிந்தது.

இரண்டாவதுதான் பெரிது. அவனுக்கு ஓசிஐ, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் விசா இல்லாமல் வந்துபோகும் அட்டை, கிடையாது. வெளிநாட்டு ராணுவத்தில் இருப்பவர்களுக்கும், இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் கூட ஓசிஐ கொடுப்பதில்லை என்பது நம் அரசு விதி. பாளையங்கோட்டையில் பிறந்த பிள்ளை பாளையங்கோட்டைக்கு வர விசா கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதோடு அவன் ராணுவத்திலும் வெளிநாட்டு விடுப்புக்கு முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கவேண்டும். பிறந்த குழந்தையை வைத்துக்கொண்டு இதையெல்லாம் அவன் செய்வதைவிட நாங்கள் போவதே மேல் என்று தோன்றுகிறது.

#5 வேலூர் சுபேதார்

ஓசிஐ விஷயம் எனக்குப் புதிது. அப்படியானால் போய்த்தான் ஆகவேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நானும் கேட்டுக்கொள்கிறேன்.

#6 கே டவுன் கவிதா

அம்மா, நான் உங்கள் மகன் இருக்கும் பக்கத்தில்தான் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் விமானப்படை. இங்கே அமெரிக்கர்கள் யாருக்கும் கைசர்ஸ்லாட்டர்ன் வாயில் நுழையாது, எல்லோரும் கே டவுன் என்றுதான் சொல்வார்கள். ராம்ஷ்டைன் விமானத்தளம், லாண்ட்ஸ்டூல் ராணுவ மருத்துவமனை, சுற்றியுள்ள கிராமங்கள் எல்லாம் சேர்த்தால் அமெரிக்காவுக்கு வெளியே அமெரிக்கர்கள் இவ்வளவு பேர் கூடி வாழும் இடம் வேறு இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் வருவது ஜெர்மனிக்கு. முகாம் அமெரிக்கர்களுடையது என்றாலும் நாடு ஜெர்மனி, ஃபிராங்க்ஃபர்ட்டில் உங்கள் பாஸ்போர்ட்டைப் பார்ப்பவர் ஜெர்மன் போலீஸ். உங்களுக்கு வேண்டியது ஷெங்கன் விசா, ஜெர்மனி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது. அமெரிக்க விசா வைத்து உள்ளே விடமாட்டார்கள். அதேபோல், ஷெங்கன் விசா இருப்பதாலேயே முகாம் கதவு திறந்துவிடாது. அது தனி.

உங்கள் மகன் குடியிருப்பது முகாமுக்குள்ளேயா, வெளியே கிராமத்திலா? பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். வெளியே என்றால் நீங்கள் அவர் வீட்டில் தங்க எந்த ராணுவ அதிகாரியிடமும் கேட்க வேண்டாம், ஜெர்மன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உள்ளே குவார்ட்டர்ஸ் என்றால் ஒரு மாதத்துக்கு மேல் விருந்தாளி தங்க ஹவுசிங் அலுவலகத்தில் கேட்கவேண்டி வரும்.

முகாமுக்குள் நீங்கள் போகத் தேவைப்படுவது ஆஸ்பத்திரிக்கு. எங்கள் மாமியார் வந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். வாசலுக்கு வெளியே விசிட்டர் சென்டர் என்று ஒரு கட்டடம். டோக்கன் எடுத்து உட்கார வேண்டும். ஸ்பான்சர், அதாவது அடையாள அட்டை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர், நேரில் நிற்க வேண்டும். மாமியார் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. நம் ஊர்ப் பழைய பாஸ்போர்ட்களில் அப்படித்தானே இருக்கும். கணினி அந்தக் கட்டத்தைக் காலியாக விட மாட்டேன் என்கிறது. கவுன்டரில் இருந்தவர் மாமியாரைப் பார்த்து, "உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்க, மாமியார் நிதானமாகக் கணவர் பெயர், மாமனார் பெயர், ஊர் பெயர் எல்லாம் சொல்ல, அவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ள, பின்னால் வரிசை நீள... கடைசியில் இன்னொரு அலுவலர் வந்து பாஸ்போர்ட்டில் உள்ள ஒற்றைப் பெயரையே சரியான கட்டத்தில் போட்டுக் கொடுத்தார். உங்கள் பாஸ்போர்ட்டிலும் அந்தக் கட்டம் காலி என்றால், விசா விண்ணப்பம், டிக்கெட், முகாம் பாரம் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ் கிடைத்தாலும் தனியாகச் சுற்ற முடியாது, ஸ்பான்சர் கூடவே இருக்கவேண்டும். வாரக்கணக்கில் தங்குகிற நெருங்கிய உறவினருக்கு வேறு வகைப் பாஸ் கேட்கலாம். உங்கள் மகனை இப்போதே அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். இந்திய பாஸ்போர்ட் என்று சொல்லியே விசாரிக்கட்டும், அமெரிக்கப் பெற்றோருக்குச் சொல்லும் பதில் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

இன்னொன்று. பாதுகாப்பு நிலை திடீரென்று உயர்த்தப்பட்டால் விருந்தாளிகள் உள்ளே போவது கெடுபிடியாகிவிடும். 2024 ஜூலைத் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பல அமெரிக்க முகாம்களில் 'சார்லி' நிலை அறிவித்தார்கள். ஊரிலிருந்து வந்தவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் நாங்கள் கடைக்குப் போனோம்.

#7 டாலஸ் மாலதி

என் மகன் கடற்படை, ஜப்பானில் யோகோசுகா. நாங்கள் அமெரிக்கக் குடிமக்கள், ஜப்பானுக்கு விசா பிரச்சினை இல்லை. பிரச்சினை வேறு இடத்திலிருந்து வந்தது: கப்பல்.

டிக்கெட் எல்லாம் மாதங்களுக்கு முன்பே போட்டாயிற்று. நாங்கள் போய் இறங்குகிறோம், கப்பல் கிளம்பிவிட்டது. எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்று அவன் சொல்லவும் கூடாது, நாங்கள் கேட்கவும் கூடாது. ஹோட்டலில் உட்கார்ந்து நானும் இவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் ஊரைச் சுற்றினோம். மிகாசா என்ற பழைய போர்க்கப்பலைக் கரையிலேயே நிறுத்தி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், பார்த்தோம். தெருவுக்குத் தெரு 'கடற்படை கறி' என்று பலகை. 1908ஆம் ஆண்டு ஜப்பானியக் கடற்படைச் சமையல் புத்தகத்தில் உள்ள குறிப்புப்படி செய்வதாம். 1999இல் இருந்து கறி நகரம் என்றே ஊருக்குப் பட்டம். சோற்றோடு ஒரு கிண்ணம் சாலடும் ஒரு டம்ளர் பாலும் கட்டாயம் வைக்கிறார்கள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாக இருந்தது. இனிப்பாக, கெட்டியாக, நம் குருமாவுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. ஆனால் மகனைப் பார்க்கப் போன இடத்தில் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டு எத்தனை நாள் இருப்பது?

கடைசி இரண்டு நாள்தான் அவன் கைக்குக் கிடைத்தான். அடுத்த முறை வேறு மாதிரி செய்தோம். கப்பல் பராமரிப்புக்காகத் துறைமுகத்திலேயே நிற்கும் காலம் என்று ஒன்று உண்டு. தேதி கேட்கவில்லை, "எந்த மாதம் வந்தால் உனக்கு வசதி?" என்று மட்டும் கேட்டோம். டிக்கெட்டும் தேதி மாற்றக்கூடியதாக வாங்கினோம், கொஞ்சம் கூடுதல் விலை. அந்தக் காசு வீண் இல்லை.

பொருநைக்கரை அக்கா, உங்கள் மகன் தரைப்படை. கப்பல் கிடையாது, ஆனால் அவர்களுக்கு 'ஃபீல்டு' என்று ஒன்று இருக்கிறது, கவிதா சொல்வார்.

#8 கே டவுன் கவிதா

ஆமாம். ஜெர்மனியில் இருக்கும் தரைப்படையினர் பயிற்சிக்காக பவாரியாவில் கிராஃபென்வேர், ஹோஹென்ஃபெல்ஸ் என்ற இடங்களுக்குப் போய்விடுவார்கள். சில சமயம் போலந்து, லித்துவேனியா பக்கம். வாரக்கணக்கில் ஆளே இருக்க மாட்டார். போன் எடுத்தால் அதிர்ஷ்டம்.

அமெரிக்கப் பொது விடுமுறைகளை ஒட்டி அவர்களுக்குப் பெரும்பாலும் நான்கு நாள் தொடர் விடுமுறை வரும். மே கடைசியில் மெமோரியல் டே, ஜூலை 4, செப்டம்பரில் லேபர் டே. அந்த நான்கு நாளை லீவுக் கணக்கில் கழிக்க மாட்டார்கள். உங்கள் தேதியை இவற்றோடு பொருத்தினால் மகனோடு வெளியூர் போய்வரலாம். கார்மிஷில் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ராணுவத்தினருக்கென்றே எடெல்வைஸ் என்று ஒரு தங்கும் விடுதி இருக்கிறது. அவர் பெயரில் பதிவு செய்து உங்களையும் கூட்டிப் போகலாம்.

#9 பட்டினப்பாக்கம்

இடையில் ஒரு கேள்வி. நம் பிள்ளைகள் வேறு நாட்டுப் பட்டாளத்தில் போய்ச் சேர்வது சரியா என்று யாரும் யோசிப்பதில்லையா? நாளைக்கு ஒரு சண்டை வந்தால்?

#10 வேலூர் சுபேதார்

தம்பி, அந்த விவாதத்துக்குத் தனி இழை போடுங்கள், நானே வந்து உங்களோடு மல்லுக்கட்டுகிறேன். இங்கே ஒரு தாய் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போக வழி கேட்கிறாள்.

#11 மட்டுறுத்துநர்

சுபேதார் ஐயா சொன்னதே என் முடிவும். #9 தொடர்பான ஏழு பதிவுகள் வேறு பகுதிக்கு நகர்த்தப்பட்டன.

#12 பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. மாலதி சொன்னதைப் படித்துவிட்டு வீட்டுக்காரர் உடனே டிக்கெட் தேடுவதை நிறுத்திவிட்டார்.

இன்னும் சில கேள்விகள். ராணுவ விமானத்தில் குடும்பத்தினரை இலவசமாக ஏற்றிக்கொள்வார்கள் என்று ஒரு உறவினர் சொல்கிறார், நிஜமா? விசாவுக்கு மகன் என்னென்ன தாள் அனுப்ப வேண்டும்? அப்புறம் சாப்பாட்டுச் சாமான். மருமகள் பிரசவித்த உடம்பு. பத்தியத்துக்கு வேண்டியதெல்லாம் கொண்டு போகணும். நெய், பூண்டு, சுக்கு, கருவாடு, கறிவேப்பிலை, மிக்ஸி. சம்பந்தி அம்மாவும் மதுரையிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பிரசவம், அவர்கள் வீட்டில் நடக்க வேண்டியது, அதனால் வேண்டாம் என்றும் சொல்ல முடியாது.

#13 அடையாறு ரகு

விசாப் பக்கத்தை நான் சொல்கிறேன். விசா ஆலோசனை என் தொழில், ஆனால் இங்கே கட்டணம் கிடையாது.

ஷெங்கன் குறுகிய கால விசா. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது. அமெரிக்கா போல ஆறு மாதம் கிடைக்காது, போன இடத்தில் நீட்டித்துக்கொள்ளலாம் என்றும் நம்பாதீர்கள். கட்டணம் 2024 ஜூனில் இருந்து 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வர வழக்கமாக 15 நாள், சந்தேகம் வந்தால் 45 நாள் வரை இழுக்கும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் அதையும் சொல்லியே காப்பீடு எடுங்கள். மலிவான பாலிசிகள் பழைய வியாதி என்று கை விரித்துவிடும். பையனுக்கு உள்ள ராணுவ மருத்துவச் சலுகை, அவரைச் சார்ந்தவர்களாகப் பதிவாகாத பெற்றோருக்கு வராது.

உங்கள் விஷயத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் சாதாரண இந்தியர் என்றால் நகராட்சியில் முகவரி பதிந்திருப்பார், குடியிருப்பு அனுமதி அட்டை வைத்திருப்பார், அதைக் காட்டி பெற்றோரை அழைப்பார். உங்கள் மகனுக்கு இது எதுவும் இருக்காது. நேட்டோ ஒப்பந்தப்படி அமெரிக்கப் படையினருக்கு அந்தப் பதிவுகளிலிருந்து விலக்கு. விண்ணப்ப மையத்தில் இருப்பவர், "பதிவுச் சான்று எங்கே?" என்று கேட்டால் பதற வேண்டாம். மகன் கையெழுத்திட்ட அழைப்புக் கடிதம், அவர் பாஸ்போர்ட் நகல், அதில் ஒப்பந்த நிலையைக் காட்டும் முத்திரை இருந்தால் அந்தப் பக்கம், வீட்டு வாடகை ஒப்பந்தம், ஏன் பதிவு இல்லை என்று இரண்டு வரி விளக்கம், இவற்றை வையுங்கள். ராணுவ அடையாள அட்டையின் நகலை மட்டும் கேட்காதீர்கள். அதைக் கண்டபடி படம் பிடிப்பதும் நகலெடுப்பதும் அமெரிக்கச் சட்டப்படி குற்றம்.

அதைவிட முக்கியம் உங்கள் பக்கத்துத் தாள்கள். பென்ஷன், வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம். திரும்பி வருவீர்கள் என்று அதிகாரி நம்ப வேண்டும். பிரசவத்துக்கு உதவ என்று எழுதலாம், தப்பில்லை. "குழந்தையைப் பார்த்துக்கொள்ள" என்று மட்டும் எழுதினால் வேலைக்கு வருகிற ஆயா மாதிரித் தோன்றும். குடும்பத்தைப் பார்க்க, பேரக்குழந்தை பிறப்பை ஒட்டி என்று எழுதுங்கள்.

இலவச விமானம்: உறவினர் சொல்வது ஸ்பேஸ் ஏ. காலி இருக்கை இருந்தால் ராணுவத்தினரையும் அவர்களைச் சார்ந்த மனைவி, பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்வார்கள். தனியாகச் சம்பாதித்து ஓய்வு பெற்ற பெற்றோர் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்ஸா நேரடி விமானம் இருக்கிறது, வயதானவர்களுக்கு அதுவே நல்லது.

#14 கே டவுன் கவிதா

ரகு சார் விசாவை முடித்துவிட்டார், நான் சமையலறைக்கு வருகிறேன்.

நெய் கொண்டு வராதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பயணியின் பெட்டியில் வரக் கூடாது. இங்கே எந்தக் கடையிலும் புட்டர்ஷ்மால்ஸ் கேளுங்கள், நம் நெய்க்கு அண்ணன் தம்பிதான். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, பிடித்தால் குப்பைத் தொட்டிதான். பழம், காய்கறி எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விதிவிலக்கு ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டுரியான். யார் இந்தப் பட்டியலைப் போட்டார்களோ, அவருக்கு நம் ஊர்ச் சம்பந்தம் இருந்திருக்க வேண்டும். கருவாடு? சிரிக்காதீர்கள், தடையில்லை. மீன் பொருள் ஒரு ஆளுக்கு 20 கிலோ வரை. ஆனால் நன்றாகக் கட்டி எடுத்து வாருங்கள், பெட்டி மணத்தால் பக்கத்து இருக்கைக்காரர் புகார் கொடுக்கக் கூடாது. சுக்கு, மிளகு, பொடி வகை எல்லாம் தாராளமாக.

மிக்ஸியைச் சுமந்து வாருங்கள்! அமெரிக்காவுக்குப் போனால் மின்னழுத்தம் ஒத்துவராது, ஜெர்மனியில் நம் ஊர் மாதிரியே 230 வோல்ட், அப்படியே ஓடும். மூன்று முள் பிளக்குக்கு ஒரு அடாப்டர் மட்டும் போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் இரவு பத்து மணிக்கு மேலும் அரைக்காதீர்கள். ஞாயிறு அமைதி நாள். பக்கத்து வீட்டு ஜெர்மன் பாட்டி கதவைத் தட்டி மணிக்கட்டைத் தொட்டுக் காட்டுவார், கடிகாரத்தைப் பாருங்கள் என்று. சண்டை போட மாட்டார், ஆனால் அந்தப் பார்வை இருக்கிறதே!

முகாமுக்குள் உள்ள கமிசரி (மளிகை), எக்ஸ்சேஞ்ச் (மற்ற சாமான்கள்) கடைகளில் வரி கிடையாது, ஆனால் உங்களால் வாங்க முடியாது. அட்டை உள்ளவர்களுக்கு மட்டும். காபித்தூளும் சாராயமும் சிகரெட்டும் அவர்களுக்கே ரேஷன் அளவில்தான். சும்மா உங்களுக்காக வாங்கித் தரச் சொல்லாதீர்கள், சுங்கத் துறை விளையாட்டுக்கு இல்லை. மகனின் காரையும் உங்கள் வீட்டுக்காரர் ஓட்டிப் பார்க்க வேண்டாம். அமெரிக்கப் படையின் பதிவெண் உள்ள வண்டியைக் கண்டவர்கள் ஓட்டக் கூடாது.

சம்பந்தி அம்மா விஷயத்துக்கு வருகிறேன், இது கொஞ்சம் யோசிக்க வேண்டியது. 2022 டிசம்பர் கடைசியிலிருந்து பிள்ளை பிறந்தால் அப்பாவுக்கும் 12 வாரம் லீவு உண்டு. அது அந்த 30 நாளில் கழியாது. ஒரு வருஷத்துக்குள் துண்டு துண்டாகவும் எடுக்கலாம், கமாண்டர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆக முதல் வாரங்களில் மகனும் வீட்டில் இருப்பார், சம்பந்தி அம்மாவும் இருப்பார். நீங்களும் அதே நேரம் வந்தால் சின்ன ஜெர்மன் வீட்டில் ஐந்து பெரியவர்கள், ஒரு குளியலறை. மகன் வேலைக்குத் திரும்பி, சம்பந்தி அம்மாவின் 90 நாளும் முடிந்து, பெண் தனியாகக் குழந்தையோடு இருக்கும்போதுதான் இங்கே கண்ணீர் வரும். எனக்கு வந்தது. அப்போது நீங்கள் வாருங்கள்.

#15 பொருநைக்கரை

கவிதாம்மா, படித்துவிட்டு ஒரு நாள் பதில் எழுதவில்லை. பேரன் முகத்தைப் பிறந்தவுடன் பார்க்க முடியாதே என்று இருந்தது. வீட்டுக்காரர், "உனக்கு மட்டுமா, அந்த அம்மாவுக்கும் முதல் பேரன்தானே" என்றார். சம்பந்தியிடம் பேசினேன். அவர்கள் மாசி, பங்குனி, சித்திரை. நாங்கள் மே நடுவில் கிளம்புகிறோம். மகனிடம் 12 வாரத்தில் மூன்று வாரம் மிச்சம் வைக்கச் சொல்லியிருக்கிறேன், மெமோரியல் டே நான்கு நாளோடு சேர்த்து எடுப்பானாம். இந்தத் தடவை "பார்த்துக்கலாம்மா" வரவில்லை, காலெண்டரை எடுத்துப் பார்த்தான்.

#16 டாலஸ் மாலதி

நல்ல முடிவு அக்கா. டிக்கெட் தேதி மாற்றக்கூடியதா?

#17 பொருநைக்கரை

அதைத்தான் முதலில் கேட்டேன்! மாற்றலாம், வித்தியாசத் தொகை கட்ட வேண்டும்.

#18 ஹம் அம்பாள் அடியார்

வைகாசி, ஆனி வாக்கில் வருகிறீர்கள் என்றால் எங்கள் ஊர் ஹம் காமாட்சி அம்பாள் கோவிலுக்கு வாருங்கள். 2002இல் ஈழத் தமிழர்கள் எழுப்பிய கோவில், கோபுரத்தோடு. கோடையில்தான் தேர். கைசர்ஸ்லாட்டர்னில் இருந்து காரில் நான்கு மணி நேரம் வரும். குழந்தைக்குப் பெயர் சொல்லி அர்ச்சனை செய்து கொள்ளலாம். தேர் நாளில் கூட்டம் அதிகம், கைக்குழந்தையோடு என்றால் அதற்கு முந்தைய நாள் வாருங்கள்.

#19 பொருநைக்கரை

கட்டாயம் வருகிறோம். மகன் வண்டி ஓட்டுவான், வீட்டுக்காரர் பின் சீட்டில் உட்கார்ந்து கொள்வார்.

#20 வேலூர் சுபேதார்

தங்கச்சி, ஒரு சின்ன வேண்டுகோள். அங்கே வாசல் காவலில் நிற்பவர்கள் ஜெர்மன்காரர்களா, அமெரிக்கச் சிப்பாய்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். பல வருஷம் கேட் டூட்டி பார்த்தவன், தெரிந்துகொள்ளும் ஆசை.

#21 கே டவுன் கவிதா

ஐயா, நானே சொல்கிறேன். பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஜெர்மன் காவலர்கள். அட்டையை வாங்கி, முகத்தைப் பார்த்து, கருவியில் ஸ்கேன் செய்து, "ஹேவ் எ நைஸ் டே" என்று ஜெர்மன் உச்சரிப்பில் சொல்வார்கள். பனி கொட்டினாலும் அதே வேகம்தான்.

#22 வேலூர் சுபேதார்

அட்டையை வாங்கி முகத்தைப் பார்க்கிறார்களா? அப்படியானால் சரி, வேலை தெரிந்தவர்கள்தான்.